பண்டிகைப் படத்துக்குக் குடும்பத்தோடு போக ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம் வீடுகளில் புதுத்துணி, பலகாரம், சினிமா மூன்றும் சேர்ந்தே வரும். ஊருக்கு வந்த சித்தப்பா குடும்பம், பெங்களூரிலிருந்து வந்த பிள்ளைகள், பக்கத்து வீட்டு நண்பர்கள், ஒரு பாட்டி, இரண்டு குட்டிகள் என்று எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து படம் பார்ப்பது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் வாய்க்கிறது. அந்த மூன்று மணி நேரம் நன்றாக அமைந்தால் அடுத்த பண்டிகை வரை பேச்சு ஓடும். ஆனால் வாசலில் 'குழந்தைகளுக்கு அனுமதி இல்லை' என்று நிறுத்தப்பட்டுத் திரும்பும் குடும்பங்களையும், பால்கனிப் படியில் மூச்சு வாங்க நிற்கும் தாத்தாக்களையும் ஒவ்வொரு பண்டிகைக்கும் பார்க்கிறோம். கொஞ்சம் முன்கூட்டி யோசித்தால் இதில் முக்கால்வாசி நடக்காது.

எனக்கு இதில் ஒரு உறுதியான கருத்து உண்டு. குடும்பமாகப் போகும்போது நடிகரை வைத்தோ படத்தை வைத்தோ திட்டம் போடக் கூடாது. கூட்டத்திலேயே மூத்தவரையும் இளையவரையும் வைத்துத்தான் போட வேண்டும். பாட்டிக்கும் நாலு வயசுக் குழந்தைக்கும் ஒத்துவரும் தியேட்டரும் நேரமும் மற்ற எல்லாருக்கும் ஒத்துவரும். கீழே சொல்லும் வரிசையும் அப்படித்தான் போகிறது: முதலில் ஆட்கள், பிறகு படம், பிறகு நாள், பிறகு தியேட்டர், கடைசியில்தான் டிக்கெட்.

1. ஆட்களைச் சரியாக எண்ணுங்கள்

வாட்ஸ்அப் குரூப்பில் "படத்துக்கு யார்லாம் வர்றீங்க?" என்று கேட்டால் கட்டைவிரல் நிறைய வரும், அன்றைக்கு ஆள் வராது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்பதே நல்லது. எத்தனை பேர், குழந்தைகளுக்கு என்ன வயது, படி ஏறச் சிரமப்படுபவர் யாராவது உண்டா, ஊர் திரும்பும் பஸ்ஸோ ரயிலோ எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வயதைக் கட்டாயம் கேளுங்கள். மூன்று வயது ஆகிவிட்டால் பெரும்பாலான தியேட்டர்களில் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள். மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று வாசலில் வாதாடுவதால் பயன் இல்லை, அதற்குள் பக்கத்து சீட் போயிருக்கும்.

பெரியவர்களிடம் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. "நான் எதுக்குப்பா, நீங்க போய்ட்டு வாங்க" என்றுதான் பாட்டி முதலில் சொல்வார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்ற எண்ணத்தில்தான் பல பெரியவர்கள் ஒதுங்குகிறார்கள். மற்றவர்கள் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "படி இல்லாத தியேட்டர்தான் பாட்டி, ஓரத்து சீட்டா போட்டுத் தர்றேன், ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடலாம்" என்று விவரமாகச் சொல்லிப் பாருங்கள். அப்போது வரும் பதில்தான் உண்மையானது. அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

பதினைந்து பேரைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரித்துவிடுவது உத்தமம்.

2. முதல் நாள் முதல் காட்சியைத் தனியாக வையுங்கள்

பண்டிகைப் படம் என்றாலே முதல் நாள் முதல் ஷோ என்று நினைப்பவர்கள் உண்டு. விசில், பேப்பர் மழை, திரைக்கு முன்னால் ஆட்டம் எல்லாமே தமிழ் சினிமாவின் சந்தோஷங்கள்தான். அதை ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டும். ஆனால் நண்பர்களோடு போய் அனுபவியுங்கள். முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று ஆடும்போது குழந்தைக்குத் திரை தெரியாது, வசனம் யாருக்கும் கேட்காது, கூட்டம் ஒரே வாசலில் முண்டும்போது பெரியவர்களைப் பாதுகாக்கவும் முடியாது.

இது வெறும் அசௌகரியத்தோடு நிற்கும் விஷயமும் இல்லை. 2023 பொங்கலுக்கு அஜித் படமும் விஜய் படமும் ஜனவரி 11 அன்று ஒரே நாளில் வந்தன. நள்ளிரவுக் காட்சிக்காகக் கோயம்பேட்டில் கூடிய கூட்டத்தில், ஓடும் லாரி மேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் விழுந்து இறந்தார். அதன்பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி தருவதில்லை. பெரிய படங்களுக்கு அரசு சிறப்பு அனுமதி தந்தாலும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் தொடங்கும். நாளொன்றுக்கு ஐந்து காட்சிகள், கடைசிக் காட்சி இரவு 2 மணிக்குள் முடிய வேண்டும். 2024 டிசம்பரில் ஐதராபாத்தில் ஒரு சிறப்புக் காட்சிக்குக் குடும்பத்தோடு வந்த பெண் நெரிசலில் இறந்தார், அவருடைய மகன் படுகாயமடைந்தான். எந்தப் படமும் அவ்வளவு அவசரம் இல்லை.

ஆகவே இரண்டு திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு முதல் நாள் காலை 9 மணிக் காட்சி, குடும்பத்தோடு மூன்றாம் அல்லது நான்காம் நாள். நண்பர்கள் திட்டத்துக்குப் பெரிதாக வழிகாட்டி தேவையில்லை. ஒருவர் புக் செய்யட்டும், காசை முதலிலேயே ஜிபேயில் வாங்கிவிடட்டும். "வந்து தர்றேன் மச்சான்" என்பவருடைய டிக்கெட்தான் கடைசி நேரத்தில் காலியாக நிற்கும். முதல் நாள் பார்த்தவர் குடும்பத்தோடு மறுபடியும் வருவதாக இருந்தால் ஒரே நிபந்தனை: கதையைச் சொல்லக் கூடாது, "இப்ப பாருங்க" என்றும் சொல்லக் கூடாது.

3. படத்தை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்

ஒரு மாதம் முன்பே "இந்தப் பொங்கலுக்கு இந்தப் படம்தான்" என்று வீட்டில் அறிவித்துவிடுவது ஆபத்து. 2025 பொங்கலுக்கு அஜித் படம் வருவதாக எல்லாரும் காத்திருந்தார்கள். புத்தாண்டுக்கு முந்தைய இரவு அது தள்ளிப்போவதாக அறிவிப்பு வந்து, கடைசியில் பிப்ரவரி 6-ம் தேதிதான் வெளியானது. அந்தப் பொங்கலுக்குக் குடும்பம் குடும்பமாகத் தியேட்டருக்கு ஆட்களைக் கொண்டுவந்தது, பன்னிரண்டு வருஷம் பெட்டிக்குள் கிடந்த ஒரு சுந்தர்.சி நகைச்சுவைப் படம். ஜனவரி 12-ம் தேதி அது திரைக்கு வரும் வரை யாருடைய பட்டியலிலும் அது இருந்ததில்லை.

படம் வந்து இரண்டு நாள் போகட்டும். விமர்சனங்களைப் படிக்கலாம், ஆனால் உங்கள் குடும்பத்தைப் போன்ற ஒரு குடும்பமாகப் போய்ப் பார்த்தவரிடம் கேட்பதுதான் உருப்படியான வழி. "நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்டால் "பாக்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கும். ரத்தம், வெட்டுக்குத்து எவ்வளவு, பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்கச் சங்கடமான காட்சி உண்டா, குழந்தைகள் எந்த இடத்தில் நெளிந்தார்கள், படம் எவ்வளவு நீளம் என்று பிரித்துக் கேளுங்கள்.

சென்சார் சான்றிதழைப் பார்க்காமல் புக் செய்யவே வேண்டாம். 2024-ல் வந்த புதிய விதிகளின்படி யு, யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+, ஏ என்று பொதுமக்களுக்கான படங்களில் ஐந்து வகை இருக்கிறது. யு எல்லாருக்கும். யுஏ-வில் வரும் வயது பெற்றோருக்கான எச்சரிக்கை. அந்த வயதுக்குக் குறைவான பிள்ளையைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும். ஏ என்றால் கதை வேறு. 18 வயது நிரம்பாதவர்களை, அப்பா அம்மா கூட இருந்தாலும், உள்ளே விடக் கூடாது. பண்டிகைக்கு வரும் பெரிய நடிகர் படங்களிலும் இப்போது ஏ சான்றிதழ் வருகிறது, நடிகர் பெயரை வைத்து யூகிக்க முடியாது. புக்கிங் செயலியில் படத்தின் பெயருக்குக் கீழேயே இது போட்டிருக்கும். யுஏ 16+ என்று போட்டிருக்கும் படத்துக்கு ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போவதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்தச் சத்தமும் அடிதடியும் அன்றிரவு தூக்கத்தில் வரும்.

வீட்டில் ஒத்துவராத ரசனைகள் இருந்தால்? ஒரே வளாகத்தில் மூன்று நான்கு திரை உள்ள தியேட்டராகப் பார்த்து, பக்கத்துப் பக்கத்து நேரத்தில் இரண்டு படங்களுக்குப் பிரிந்து போகலாம். கல்லூரிப் பிள்ளைகள் ஆக்‌ஷன் படத்துக்கு, மற்றவர்கள் குடும்பப் படத்துக்கு. சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்பலாம், யாருக்கும் மனக்குறை இருக்காது.

4. நாளும் காட்சியும்

படம் எப்போதும் பண்டிகை அன்றே வருவதில்லை, அதுவே நமக்கு வசதி. 2024 பொங்கல் ஜனவரி 15, படங்கள் 12-ம் தேதியே வந்துவிட்டன. 2025 தீபாவளி அக்டோபர் 20 திங்கட்கிழமை, படங்கள் 17 வெள்ளிக்கிழமை. இப்படி வரும்போது பண்டிகை நாளுக்குள் ரசிகர் கூட்டம் ஓய்ந்து, படம் எப்படி என்ற செய்தியும் பரவியிருக்கும். 2024 தீபாவளி மாதிரி படம் பண்டிகை அன்றே வந்தால் ஒன்றிரண்டு நாள் பொறுங்கள்.

தீபாவளி அன்றே போவதென்றால் பட்டாசு நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2018-லிருந்து காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரைதான் வெடிக்க அனுமதி. மாலை 6:30 காட்சிக்குப் புக் செய்தால் பிள்ளைகளின் மத்தாப்பும் புஸ்வாணமும் போச்சு. படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர்கள் முகம் தொங்கித்தான் இருக்கும். மேட்னிதான் சரி. காலையில் எண்ணெய்க் குளியல், லேகியம், இட்லி, பலகாரம், மதியம் ஒரு பிடி சாப்பாடு, 2:30 காட்சி. படம் இரண்டே முக்கால் மணி நேரம் என்றால் விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்து மூன்றேகால் மணி ஆகும். 5:45-க்கு வெளியே வந்து 7 மணிக்குள் வீடு சேரலாம்.

பொங்கலில் கூட்டம் வேறு மாதிரி. பெரும்பொங்கல் அன்று காலை எல்லாரும் பானையோடு இருப்பார்கள், அதனால் அன்றைய காலைக் காட்சி பல ஊர்களில் கொஞ்சம் காலியாக இருக்கும், மாலையில் நிறையும். மாட்டுப் பொங்கல் அன்று மாடு வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்குச் சாயங்காலம் வேலை இருக்கும், மற்றவர்களுக்கு அது நல்ல நாள். காணும் பொங்கலைத் தவிர்ப்பதே நல்லது. சென்னையில் மெரினா, வண்டலூர் பக்கம் போகும் கூட்டத்தில் சாலைகள் திணறும், அதே கூட்டத்தில் ஒரு பகுதி தியேட்டருக்கும் வரும்.

அன்று இரவே ஊர் திரும்புபவர் யாராவது இருந்தால் 6:30 காட்சி வேண்டாம். பத்து மணி பஸ்ஸை நினைத்துக்கொண்டு கிளைமாக்ஸ் பார்ப்பது கொடுமை. நைட் ஷோ இளவட்டங்களுக்கு மட்டும். சென்னை மெட்ரோ இரவு 11 மணியோடு ஓய்ந்துவிடும், படம் விட ஒரு மணி ஆகிவிடும். திரும்பி வர சொந்த வண்டி இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

5. தியேட்டரைத் தேர்ந்தெடுப்பது

திருவிழா மாதிரிப் பார்க்க வேண்டும் என்றால் பழைய தியேட்டர்களுக்கு ஈடு இல்லை. திருநெல்வேலி ராம் முத்துராம், சென்னையில் கோயம்பேடு ரோகிணி, குரோம்பேட்டை வெற்றி போன்ற இடங்களில் பண்டிகைக் கொண்டாட்டம் படத்துக்குச் சமமான காட்சி. ஊரில் உள்ள சின்ன தியேட்டரில் கட்டணமும் குறைவு, இடைவேளைச் சமோசா நம் கைக்கு எட்டும் விலையில் இருக்கும், தெரிந்த முகங்களும் நாலு பேர் வருவார்கள். மல்டிபிளெக்ஸில் லிப்ட், சுத்தமான கழிவறை, நிச்சயமான சீட் எண் இருக்கும்.

எதற்குப் போனாலும் முதலில் விசாரிக்க வேண்டியவை படி, கழிவறை, பார்க்கிங். தியேட்டருக்குப் போன் செய்து, "வயசானவங்க வர்றாங்க, நாங்க எடுக்கப்போற சீட்டுக்குப் படி ஏறணுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பால்கனி என்றால் கட்டாயம் படி இருக்கும். மல்டிபிளெக்ஸில் லிப்ட் இருந்தாலும் அரங்குக்குள் சில கதவுகள் திரைக்குப் பக்கத்தில் திறக்கும், அங்கிருந்து மேல்வரிசைக்கு இருட்டில் ஏற வேண்டியிருக்கும். கதவு எந்தப் பக்கம் என்று கேட்டு, அதற்கு நெருக்கமான வரிசையில் பெரியவருக்கு இடம் போடுங்கள். சாய்ந்து படுக்கும் ரிக்ளைனர் சீட் சொகுசாகத் தெரியும். ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் அதிலிருந்து எழுந்திருக்கப் படாத பாடு படுவார்கள், சாதாரண நாற்காலியே அவர்களுக்கு நல்லது.

சென்னையில் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தியேட்டர் என்றால் பார்க்கிங் தலைவலியே இல்லை. வடபழனி, கோயம்பேடு, அண்ணா சாலைப் பக்கத் தியேட்டர்களுக்கு மெட்ரோவில் போய்விடலாம். மால்களில் பண்டிகை நாளில் வண்டியை உள்ளே விடவே அரை மணி ஆகும், படம் முடிந்து எடுக்க இன்னொரு அரை மணி.

6. டிக்கெட்டும் சீட்டும்

தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு இருக்கிறது. மல்டிபிளெக்ஸ் அடிப்படைக் கட்டணம் 150 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2017-ல் நிர்ணயித்தார்கள். ஜிஎஸ்டி, உள்ளாட்சி வரி எல்லாம் சேர்ந்து சென்னையில் 190 ரூபாய் வாக்கில் வருகிறது. பெங்களூரில் பண்டிகை வார இறுதியில் ஒரு சீட்டுக்குப் பல நூறு கொடுத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய ஆறுதல், அதனால்தான் ஊருக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். அச்சிட்ட விலைக்கு மேல் கவுண்டரில் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. டிக்கெட்டையும் கேட்ட தொகையையும் குறித்து வைத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் புகார் தரலாம், சென்னையில் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்தில்.

புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் போன்ற செயலிகளில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 30, 35 ரூபாய் கட்டணம் சேரும். பத்துப் பேர் என்றால் இன்னொருவரின் டிக்கெட்டையும் தாண்டிவிடும் தொகை. தியேட்டர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒருவர் முந்தைய நாளே கவுண்டருக்குப் போய் எடுத்து வரலாம், பல இடங்களில் முன்பதிவு அங்கேயும் உண்டு. செயலியில் ஒரு தடவைக்குப் பத்து டிக்கெட்தான் எடுக்க முடியும். பதினொரு பேர் என்றால் இரண்டு போனில் ஒரே நேரத்தில் உட்காருங்கள். யார் எந்த எண்ணை எடுப்பது என்று முதலிலேயே பேசிக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாளின் காட்சிகளுக்கான முன்பதிவு பெரும்பாலும் சில நாள் முன்பு திறக்கும், திறந்த அன்றே பாருங்கள்.

சீட் விஷயத்தில் கொஞ்சம் மெனக்கெடுவது வீண்போகாது. எல்லாரும் ஒரே நீள வரிசை கேட்பார்கள், ஆனால் பதினொரு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்தால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பேச்சே இருக்காது, நடுவில் இருப்பவர் எழுந்தால் ஐந்து பேர் காலை மடக்க வேண்டும். முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை, ஒன்றில் ஆறு, மற்றதில் ஐந்து, அதே எண்களில் எடுங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். பின் வரிசையில் நடைபாதை ஓரம் பாட்டி, அவருக்கு அடுத்து மகளோ மருமகளோ, அப்புறம் மற்ற பெரியவர்கள். முன் வரிசையில் ஓரத்தில் ஒரு பெரியவர், அடுத்து பிள்ளைகள், மறுகோடியில் இன்னொரு பெரியவர். பிள்ளை தண்ணீர் கேட்டால் பின்னாலிருந்து அத்தை கையை நீட்டிக் கொடுக்கலாம். பாப்கார்ன் முன்னும் பின்னும் போய்வரும். சின்னக் குழந்தையை மட்டும் நடைபாதை ஓரத்தில் விடாதீர்கள், இருட்டில் இறங்கி ஓடிவிடும்.

வரிசை எழுத்தை நம்பாதீர்கள். ஒரு தியேட்டரில் ஏ வரிசை திரைக்கு முன்னால் இருக்கும், இன்னொன்றில் அதுவே கடைசி. செயலியின் வரைபடத்தில் திரை எந்தப் பக்கம் என்று பார்த்து, பின்னாலிருந்து மூன்று முதல் ஆறு வரிசைக்குள் நடுவில் எடுங்கள். கைக்குழந்தை இருந்தால் சுவரோர ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நேர் கீழே வேண்டாம்.

7. காசு

இதைப் பேசக் கூச்சப்படுவதால்தான் பின்னால் மனத்தாங்கல் வருகிறது. பதினொரு டிக்கெட் 190 வீதம் 2,090 ரூபாய், செயலிக் கட்டணம் 385, இடைவேளைக்குத் தலைக்கு 150 வைத்தால் 1,650. ஆக 4,125 ரூபாய், வண்டிச் செலவு தனி. வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வது எளிது: டிக்கெட் ஒரு வீடு, தீனி ஒரு வீடு, போக்குவரத்து ஒரு வீடு. மாமா "எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று அடம்பிடித்தால் இந்தத் தடவை விட்டுக்கொடுத்து, அடுத்த பண்டிகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையிடமோ, கைமுடையில் இருக்கும் வீட்டாரிடமோ பங்கு கேட்காமல் பார்த்துக்கொள்வது மூத்தவர்கள் பொறுப்பு.

8. கிளம்பும்போது

காட்சி நேரத்துக்கு அரை மணி முன்னால் வாசலில் இருக்கும்படி கிளம்புங்கள். உறவினர்களிடம் சொல்லும்போது இன்னும் கால் மணி முன்னதாகவே சொல்லிவையுங்கள். டிக்கெட் ஒருவர் போனில் மட்டும் இருந்தால் அவர் வண்டி மாட்டிக்கொண்டால் எல்லாரும் வெளியில்தான். கியூஆர் கோடு தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டுக்கு ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள், உள்ளே சிக்னல் இருக்காது.

பையைச் சின்னதாக வையுங்கள். வாசலில் சோதனை உண்டு. துணிக்கடைப் பை, லேப்டாப், கேமரா எல்லாம் கொண்டுபோனால் உள்ளே விட யோசிப்பார்கள். வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பில் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. பால் புட்டியையோ கஞ்சியையோ வெளியே வைக்கச் சொன்னால் தைரியமாக எடுத்துச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களின் மாத்திரையைக் கையோடு வைத்திருங்கள், அவர்களுக்குச் சாப்பிட வேண்டிய நேரம் இடைவேளைக்கு முன் வருமா என்று பார்த்து, வந்தால் சாப்பிட வைத்துவிட்டே கிளம்புங்கள். ஏசி குளிருக்கு ஒரு சால்வை, குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர். கைக்குழந்தையின் காதுக்குப் பஞ்சு, அல்லது காதை மூடும் தொப்பி. புதுத்துணியில் சரிகை குத்தும் பாவாடையோடு மூன்று மணி நேரம் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள், பருத்தி உடுப்பு ஒன்று மாற்றிவிடுங்கள்.

9. உள்ளே

இடைவேளையில்தான் கூட்டத்தின் உண்மையான பலம் தெரியும். முந்நூறு பேர் ஒரே நேரத்தில் எழுவார்கள், பெண்கள் கழிவறை வரிசை வராண்டா வரை நீளும். பிள்ளைகளையும் பாட்டியையும் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாலேயே, ஏதாவது பாட்டு ஓடும்போது அழைத்துப் போய் வந்துவிடுங்கள். தீனிக்கு இரண்டு பேர் மட்டும் போகட்டும். யாருக்கு என்ன என்று முதல் பாதியிலேயே போனில் குறித்துக்கொள்ளலாம், மல்டிபிளெக்ஸ்களில் சீட்டிலிருந்தே ஆர்டர் செய்யும் வசதியும் உண்டு. பெரிய பாப்கார்ன் ஒன்றின் விலை டிக்கெட்டையே தாண்டும். ஆளுக்கு ஒன்று வாங்காமல் மூன்று பேருக்கு ஒன்று போதும், வீட்டில் முறுக்கும் அதிரசமும் டப்பா நிறைய இருக்கிறது.

குழந்தை அழுதால் உடனே வெளியே தூக்கிப் போங்கள். அது எப்போதும் அம்மா வேலையாக இருக்கக் கூடாது. அப்பா, சித்தப்பா, மாமா என்று முறை வைத்துக்கொண்டால் எல்லாரும் முக்கால் படமாவது பார்க்கலாம். அம்மாக்கள் பாதிப் படத்தை வராண்டாவில் கழிப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொண்டுவிட்டோம். அது எனக்குச் சம்மதமில்லை.

நடிகர் அறிமுகமாகும் காட்சியைப் போனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் கண்டித்து நிறுத்துங்கள். 2023-ல் திருத்தப்பட்ட சினிமா சட்டப்படி தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதச் சிறை, 3 லட்சம் ரூபாய் அபராதம். சில நொடிதானே என்று எடுக்கப்போய் வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். அதோடு, பின்னால் இருப்பவர் கண்ணுக்கு நேராக ஒரு வெளிச்சம் நிற்கிறது.

10. டிக்கெட் கிடைக்காவிட்டால்

பிளாக்கில் வாங்காதீர்கள். பத்துப் பேருக்குப் பிளாக்கில் விற்பவரிடம் சேர்ந்தாற்போல் சீட் இருக்கவும் இருக்காது. பக்கத்துச் சின்ன ஊர்த் தியேட்டரைப் பாருங்கள், இருபது கிலோமீட்டர் தள்ளி அதே படம் பாதி அரங்கோடு ஓடிக்கொண்டிருக்கும். காட்சி அன்று காலையில் செயலியை மறுபடி திறந்துபாருங்கள், ஒதுக்கி வைத்த சீட்டுகளைச் சில தியேட்டர்கள் அப்போது விடும். அதுவும் இல்லையென்றால் பண்டிகை கழிந்த முதல் வேலைநாள் காலைக் காட்சி. ஊர் திரும்ப இன்னும் இரண்டு நாள் இருப்பவர்களுக்கு அதைவிட நிம்மதியான காட்சி கிடையாது.

11. படம் விட்டதும்

எல்லாரும் எழுந்ததும் நீங்களும் எழாதீர்கள். பெயர்கள் ஓடி முடியும் வரை உட்கார்ந்திருங்கள், விளக்கு எரியட்டும், நெரிசல் குறையட்டும். வண்டி எடுக்கப் போகும் இருவர் மட்டும் முன்னால் போகலாம், மற்றவர்கள் கூடும் இடத்தை உள்ளே வரும்போதே பேசிவைத்திருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் போன் டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள். கொலுசு, கண்ணாடி, குழந்தையின் ஒற்றைச் செருப்பு அங்கேதான் கிடக்கும்.

இரவுச் சாப்பாட்டை ஹோட்டலை நம்பி விடாதீர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊழியர்கள் ஊருக்குப் போய்விடுவதால் நிறைய கடைகள் மூடியிருக்கும், திறந்திருக்கும் ஒன்றிரண்டில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். முந்தைய நாளே மாவு அரைத்து, தக்காளிச் சட்னிக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்ததும் ஒருவர் தோசைக்கல்லைப் போடட்டும், இன்னொருவர் கணக்கைப் பார்த்து யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அன்றிரவே குரூப்பில் போட்டுவிடட்டும். படம் எப்படி என்ற சண்டை தோசை வேகும் வரை தாராளமாக நடக்கலாம்.